சுண்டெலியின் காலுக்கு நான் போட்ட பூட்டு

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காவின் கணவன் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் ஒரே ஒரு காலைத் தவிர மற்ற அனைவரும் அனைத்தும் நலம். அவ்விடம் தங்கள் நலத்தையும், தங்கள் வீட்டிலுள்ள எல்லாக் கால்களின் நலத்தையும் அறிய ஆவல். போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று தாங்கள் யோசிக்கலாம். போனில் சொன்னால் தாங்கள் பாதியில் சிரித்துவிடுவீர்கள், மீதியைச் சொல்ல எனக்கு மனசு வராது. கடிதம் என்றால் தாங்கள் சிரிப்பது எனக்குக் கேட்காது.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் கால்பந்து விளையாடுவதை நிறுத்த வேண்டும். நிறுத்திவிட்டு, தாங்கள் தங்கள் அலுவலகத்தில் அவளுக்காகச் சொல்லி வைத்திருக்கும் அந்த வரவேற்பு மேசை வேலைக்குப் போக வேண்டும். நாள் முழுக்க உட்கார்ந்தே பார்க்கும் வேலை, தொடைக்கு ஆபத்து கிடையாது. நான் சொன்னால் கேட்க மாட்டாள். அவள் அம்மா சொல்லவே மாட்டாள். தாங்கள் சொன்னால் கேட்பாள், ஏனென்றால் அவளுக்கு நடக்கத் தெரிந்த கையோடு ஒரு பந்தை வாங்கிக் கொடுத்த புண்ணியவான் தாங்கள்தான். தாங்கள் உருட்டிவிட்டதைத் தாங்களே நிறுத்தவும். அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை பெரிய கிளப்பின் பெண்கள் அணிக்கு மறுபடியும் ஆள் எடுக்கிறார்கள். இதை விட்டால் இன்னொரு தடவை கூப்பிட மாட்டார்களாம். அதற்கு முன்னால் தங்கள் கடிதம் அவள் கைக்கு வந்துவிட வேண்டும்.

நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் தங்களுக்குப் புரியும், எனக்கும் ஒருவேளை புரியலாம். போன தடவை ஆள் எடுத்த அன்று நானும் மைதானத்துக்குப் போயிருந்தேன், கோட்டுக்கு வெளியே மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நம் பிள்ளை வலது ஓரத்தில் ஓடுகிறாள். அங்கே அவளுக்குப் பெயர் சுண்டெலி. இரண்டு பேருக்கு நடுவில் இருக்கும் இடுக்கில் புகுந்து போய்விடுகிறாளாம். நாங்கள் ஆசை ஆசையாக ஒரு பெயர் வைத்து அதைப் பள்ளிச் சான்றிதழ் வரைக்கும் ஏற்றி வைத்திருக்கிறோம், இவர்கள் ‘ஏய் சுண்டெலி’ என்கிறார்கள், இவளும் அதற்குத்தான் சட்டென்று திரும்பிப் பார்க்கிறாள். பந்து முன்னால், இவள் பின்னால், பக்கத்தில் ஈ காக்கை கிடையாது, திடீரென்று ‘அம்மா’ என்று ஒரு சத்தம். தொடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று, தன்னை யார் உதைத்தது என்று திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். பெற்றவன் சும்மா இருப்பேனா? உள்ளே போய்விட்டேன். நாற்காலியும் எப்படியோ என் கையோடு வந்துவிட்டது. நேராக நடுவரிடம் போய், “யாருய்யா என் பொண்ண உதைச்சது? பாத்துக்கிட்டே நிக்கிறீங்களே?” என்றேன். “யாரும் உதைக்கலங்க, தசை கிழிஞ்சிருக்கும். முதல்ல நாற்காலியக் கீழ வைங்க” என்றார் அவர். யாருமே தொடாமல் ஒரு கால் எப்படிக் கிழியும்? அன்று பிடித்த குழப்பம், மச்சான், இன்றுவரை விடவில்லை. மன்னிக்கவும், எத்தனை நேரம்தான் தாங்கள் தாங்கள் என்று எழுதுவது, கை கடுக்கிறது. இனிமேல் நீ என்றே எழுதுகிறேன்.

ஹாம்ஸ்ட்ரிங் என்று ஒன்று இருக்கிறதாம், தொடைக்குப் பின்னால். இத்தனை வயசுக்கு எனக்கும் அது இருந்திருக்கிறது, ஒரு நாள்கூட அது தன்னைக் காட்டிக்கொண்டதில்லை. வீட்டுக்கு வந்ததும் ஐஸ் வைக்கச் சொன்னார்கள். ஐஸ் இல்லை, உறைந்த பட்டாணிப் பொட்டலம்தான் இருந்தது. அதைத் துணியில் சுற்றித் தொடையில் வைப்பேன், இளகினால் ஃப்ரிட்ஜில் போடுவேன், மறுபடி எடுத்து வைப்பேன். உன் அக்கா வேலை முடிந்து வந்தவள், ஒன்றும் கேட்காமல் அதை எடுத்துச் சமைத்துவிட்டாள். எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகள் கேட்கிறாள், “அம்மா, இது என் கால்ல இருந்த பட்டாணியா?” நான் அப்போதுதான் இரண்டாவது தடவை போட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் பக்கத்து வீட்டுத் தையல்காரர் எட்டிப் பார்த்து, “ஐஸா? ஐயையோ, தசை விறைச்சுப் போயிடும், சூடு வைங்க” என்றார். அவர் பேச்சிலும் நியாயம் இருக்கிற மாதிரிதான் பட்டது. இரண்டையும் வைத்துவிட்டால் எது சரியோ அது வேலை செய்துகொள்ளும் என்று மேலே பட்டாணி, கீழே வெந்நீர்ப் பை வைத்தேன். கொஞ்ச நேரத்தில் வெந்நீர் ஆறிப்போச்சு, பட்டாணி இளகிப்போச்சு, பிள்ளை தூங்கிப்போச்சு. சரி, கட்டாவது போடுவோம் என்று எனக்குத் தெரிந்த மாதிரி, லிஃப்ட்டின் எஃகுக் கயிற்று முனையைக் கட்டுகிற மாதிரி, இறுக்கிச் சுற்றினேன். கால் விரல்கள் வெளுத்துவிட்டன. பிசியோ அம்மா, அதுதான் காலுக்குப் பயிற்சி கொடுக்கிற அம்மா, அதைப் பார்த்துவிட்டு ரொம்பப் பொறுமையாக, “இத யாரு கட்டினது?” என்று கேட்டார். அம்மாவும் மகளும் ஒரே நேரத்தில் என்னைக் காட்டினார்கள். இந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேருக்கும் ஒற்றுமை வருவது இதற்கு மட்டும்தான்.

பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். முழுசாக அறுபடவில்லை, பாதி கிழிந்திருக்கிறது என்றார் டாக்டர். நான் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன் என்பது உனக்குத் தெரியும், என் தொழில் நியமம் தெரியாது. கயிற்றில் இழை பிரிந்திருந்தால் எங்களுக்கு ஒரே பேச்சுதான். வண்டியை, அதாவது லிஃப்ட் பெட்டியை, நிறுத்து, சுவிட்சைப் பூட்டு, சிவப்பு அட்டையை மாட்டு. ‘பழுது பார்க்கிறோம், இயக்காதே’ என்று அட்டையில் இருக்கும், கீழே பூட்டினவன் பெயர் இருக்கும். பூட்டினவன் எவனோ அவன்தான் கழற்ற வேண்டும், மேனேஜரே வந்தாலும் தொடக்கூடாது. ஏனென்றால் பூட்டினவன் லிஃப்ட்டுக்குக் கீழே குழிக்குள் வேலை பார்த்துக்கொண்டிருப்பான், மேலே எவனாவது சுவிட்சைப் போட்டுவிட்டால் வண்டி அவன் தலையில் இறங்கும். கழற்றும்போதும் ‘குழியில ஆள் இருக்கா?’ என்று கத்திக் கேட்டுவிட்டுத்தான் கழற்றுவோம். ஆக, ஸ்கேன் எடுத்த அன்று சாயங்காலமே வீட்டு நடையில் இருக்கும் உயர அலமாரிக்கு, அதில்தானே செருப்பு, ஷூ எல்லாம் கிடக்கும், ஒரு பூட்டைப் போட்டு என் பெயர் எழுதிய சிவப்பு அட்டையை மாட்டிவிட்டேன். பூட்ஸ் இல்லாமல் எங்கே போய் விளையாடுவாள்? உன் அக்கா மட்டும் “என் குடை உள்ள மாட்டிக்கிச்சு, மழைக்காலம் வருது, தொறங்க” என்று ஒரே நச்சரிப்பு. நியமம் நியமம்தான் என்று சொல்லிவிட்டேன். அவள் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு மழையில் போய் வருகிறாள், என்னோடு அளந்துதான் பேசுகிறாள்.

மகள் என் கருவிப் பையைக் கட்டிக்கொண்டு வளர்ந்தவள், அட்டையின் அர்த்தம் அவளுக்குத் தெரியும். அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நொண்டிக்கொண்டே உள்ளே போய்விட்டாள். ஒரு கரண்டிக் காம்பை விட்டு நெம்பினால் திறந்துகொள்கிற பூட்டு அது. நெம்பியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். தொடவே இல்லை, மச்சான். கொல்லையில் கிடந்த பழைய கேன்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு போய்ப் பயிற்சி செய்துவிட்டு, அந்த அலமாரியைத் தாண்டித் தாண்டி வந்துகொண்டிருக்கிறாள். எனக்குத்தான் நடையில் நடக்கக் கூச்சமாக இருக்கிறது.

இந்தப் பிசியோ அம்மா நல்லவர், கெட்டிக்காரர், ஆனால் அவர் சொல்வது ஒன்றுமே என் மண்டையில் ஏற மாட்டேன் என்கிறது. கிழிந்த காலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும்தானே? முதல் சில நாள் போதுமாம், அதற்கு மேல் படுத்துக் கிடந்தால் தசை மெலிந்துபோகுமாம், நடக்க வேண்டுமாம். நடந்தால் வலிக்கிறதே என்றால், வலிக்கலாம், ஆனால் அளவாக வலிக்க வேண்டுமாம். அளவை எதில் பார்ப்பது? வலிக்கு மார்க் போடுகிறார்கள். “பத்துக்கு எத்தனை?” என்று கேட்கிறார், மகள் “அஞ்சு” என்கிறாள், உடனே நிறுத்துகிறார்கள். “மூணு” என்றால், “மூணு வரைக்கும் பரவால்ல, தொடரலாம்” என்கிறார். இத்தனை வருஷமாக இந்தப் பிள்ளையின் மார்க் ஏறவில்லையே என்று கவலைப்பட்டவன் நான், இப்போது இறங்கினால் சந்தோஷப்பட வேண்டுமாம். ஒரு நாள் அவள் “ரெண்டு” என்றதும் நான் பழக்கத்தில் முகத்தைச் சுளித்துவிட்டேன், பிசியோ அம்மா என்னை வெளியே போய் உட்காரச் சொல்லிவிட்டார்.

வெளியே உட்கார்ந்தவன் சும்மா இருந்திருக்கலாம். அவர் வந்ததும் கேட்டேன், “ஏங்க, பிரிஞ்ச கயிறு மேல சுமைய ஏத்தலாமா? நாங்கன்னா கயித்தையே மாத்திடுவோம்.” அவர், “சார், அத இழுக்கிற கயிறா மட்டும் பாக்காதீங்க, பிரேக்காவும் பாருங்க. ஓடும்போது காலை முன்னாடி வீசுறாங்கல்ல, அத நிறுத்திப் பிடிக்கிறது இந்தத் தசைதான். நிறுத்தத் தெம்பில்லாமதான் கிழிஞ்சுது” என்றார். பிரேக் என்றதும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. “அப்பச் சரி, பிரேக் தேஞ்சா கழட்டிட்டுப் புதுசு போடணும், தேஞ்சதுக்குப் பயிற்சி குடுக்க முடியுமா?” என்றேன். “இது வளர்ற பிரேக் சார். சுமை குடுத்தாத்தான் வளரும்” என்றார். வளருகிற பிரேக்! தையல்காரரிடம் சொன்னால் அவர் மறுபடி வெந்நீர் என்கிறார்.

இதெல்லாம் போகட்டும், கடைசியாக ஒரு பயிற்சி கொடுத்தார்கள் பார், அதுதான் என்னை இந்தக் கடிதத்தில் கொண்டுவந்து விட்டது. பிள்ளை பாயில் மண்டியிட வேண்டும். பின்னால் ஒருத்தர் அவள் குதிகால் இரண்டையும் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவள் முதுகை வளைக்காமல் அப்படியே முன்னால் சாய்ந்து, மெதுவாக, மெதுவாக முகம் குப்புறப் போக வேண்டும், கடைசியில் கையை ஊன்றிக்கொள்ளலாம். தினமும் அவள் அணியின் கோல்கீப்பர் பெண், நல்ல உயரம், தலை நிலைப்படியில் இடிக்கும், வந்து பிடித்துக்கொள்வாள். போன வாரம் அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல். உன் அக்காவுக்கு முட்டி மடங்காது. மிச்சம் நான்தான்.

“அப்பா, அழுத்திப் பிடிங்க. நான் சாய்வேன். இழுக்கக் கூடாது, விடவும் கூடாது” என்றாள். சரி என்றேன். அவள் சாயத் தொடங்கியதும் எனக்கு என்ன ஆனதோ, குதிகாலை விட்டுவிட்டுப் பாய்ந்து போய்ச் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டேன். இரண்டு பேரும் உருண்டு சோபாவுக்கு அடியில் கிடந்தோம். “அப்பா, பிடிக்க வேண்டியது கால!” “விழுறியேம்மா!” “விழுறதுதான்ப்பா பயிற்சி!” “இதுக்கு ஒரு பயிற்சி வேறயா? நான் எத்தன தடவ சும்மாவே விழுந்திருக்கேன்!” “மெதுவா விழணும்ப்பா. அதுக்குத்தான் தெம்பு வேணும்.” மறுபடி பிடித்தேன், கண்ணை மூடிக்கொண்டு. கையில் அவள் குதிகால் நடுங்குகிறது, லிஃப்ட் பாரத்தோடு இறங்கும்போது கயிறு நடுங்குமே, அந்த நடுக்கம். நடை பழகும்போது இவள் விரலைப் பிடித்துக்கொண்டு போனேன், விழப்போனால் தூக்கினேன், அதுதானே அப்பன் வேலை? பின்னால் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டு, முகம் கீழே போவதைச் சும்மா பார் என்று சொன்னால் எந்த அப்பனால் முடியும்? பாயில் கை ஊன்றுகிற சத்தம் கேட்டுத்தான் கண்ணைத் திறந்தேன். திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள். “இன்னும் ஒண்ணுப்பா” என்கிறாள்.

அன்றைக்கே வரவேற்பு மேசைப் பேச்சை எடுத்தேன். கோபப்படுவாள் என்று பார்த்தால் இல்லை. “அப்பா, உங்க பூட்ட நான் உடைக்க மாட்டேன். ஆனா அந்த ஞாயித்துக்கிழம நான் மைதானத்துக்குப் போவேன். வெறுங்காலோட நின்னாலும் நிப்பேன்” என்றாள். சொல்லிவிட்டுப் போய்ப் பாத்திரம் கழுவினாள், மச்சான். முள் வைத்த பூட்ஸ் போட்ட பத்துப் பெண்களுக்கு நடுவில் வெறுங்கால்! இதற்கு மேல் நான் என்ன செய்ய? அந்த ‘அம்மா’ சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது, இன்னொரு தடவை அதைக் கேட்க எனக்குத் தெம்பு கிடையாது. என் தெம்புக்குப் பயிற்சி கொடுக்க ஆளும் இல்லை. ஆகையால் நீ உடனே எழுது, ‘பந்து போதும், வேலைக்கு வா’ என்று கண்டிப்பாக எழுது. நான் எழுதச் சொன்னதாக எழுதாதே.

உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசிகள், அவர்கள் உட்கார்ந்து ஆடும் விளையாட்டாகப் பார்த்து ஆடி நீண்ட ஆயுளோடு இருக்கட்டும். உன் தொடைகளையும் கவனித்துக்கொள், நமக்கும் பின்னால் அது இருக்கிறது.

இப்படிக்கு,
மிகவும் குழம்பிப்போயிருக்கும்
உன் அக்காவின் கணவன்

பின்குறிப்பு: காகிதம் தீர்ந்துவிட்டது, இதைச் சிவப்பு அட்டையின் முதுகில் எழுதுகிறேன். மேலே இருப்பது எதையும் செய்யாதே. கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தபால் பெட்டிக்குத்தான் கிளம்பினேன். வழியில் மைதானம். இன்று பிசியோ அம்மா கடைசிப் பரிசோதனை வைப்பதாகப் பேச்சு, அவள் தோற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் கடிதத்தில் இன்னும் ஒரு வரி அழுத்தமாகச் சேர்க்கலாமே என்று உள்ளே நுழைந்தேன். “நல்ல நேரத்துல வந்தீங்க சார், அந்தக் கோட்டுக்குப் பின்னாடி நில்லுங்க. முழு வேகத்துல வந்து உங்க முன்னாடி நிக்கணும். நிக்கிறதுதான் பரீட்சை” என்றார். நின்றேன். சுண்டெலி அந்தக் கோடியிலிருந்து கிளம்பினாள். மச்சான், என் மகள் இவ்வளவு வேகமாக ஓடுவாள் என்று எனக்குத் தெரியாது, இத்தனை நாள் பக்கவாட்டில் இருந்துதான் பார்த்திருக்கிறேன். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. என் மூக்குக்கு முன்னால் வந்து நின்றாள், அசையாமல். “பத்துக்கு எத்தன?” என்று நான்தான் கேட்டேன். “ஒண்ணுமே இல்லப்பா. உங்களுக்கு?” என்றாள். நெஞ்சில் கையை வைத்துப் பார்த்து, “மூணு” என்றேன். “மூணுன்னா பரவால்ல சார், தொடரலாம்” என்றார் பிசியோ அம்மா.

(இது இரண்டாவது அட்டை.) வீட்டுக்கு வந்து நேராக அலமாரிக்குப் போனேன். சாவியை நுழைத்ததும் பழக்க தோஷத்தில் “குழியில ஆள் இருக்கா?” என்று கத்திவிட்டேன். உள் அறையிலிருந்து மகள், “இல்லப்பா, எடுங்க” என்றாள். சமையலறையிலிருந்து உன் அக்கா, “என் குடை இருக்கு” என்றாள். திறந்தால் குடை இருக்கிறது, தையல்காரர் வாங்கிப்போய்த் திருப்பித் தரவில்லை என்று நான் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்த மடக்கு நாற்காலி இருக்கிறது, பூட்ஸ் இல்லை. மகள் கட்டிலுக்கு அடியிலிருந்து தன் பையை இழுத்து உள்ளேயிருந்து எடுத்துக் காட்டினாள், கால் கிழிந்த அன்றைக்கு ஒட்டின மண் காய்ந்து அப்படியே இருக்கிறது. அன்றிலிருந்து பையை விட்டு வெளியே எடுக்கவே இல்லையாம். பூட்டுப் போடும் முன் உள்ளே பார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம், நான் பார்க்காமல் போட்ட பூட்டு என் சர்வீஸிலேயே இது ஒன்றுதான். “கையிலதான இருந்துச்சு, ஏம்மா போட்டுக்கல? அந்த கேன்வாஸ் ஷூவுல வழுக்கி வழுக்கி ஓடினியே?” என்றேன். “நீங்க அட்டைய எடுக்கலியேப்பா” என்றாள்.

(மூன்றாவது.) அவளுக்கு ஒன்றும் எழுதாதே. அந்த வேலையை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல். ஆள் எடுக்கிற அந்த ஞாயிற்றுக்கிழமை நீ நேரில் வா. மீதி அட்டைகளையும் இத்துடன் அனுப்புகிறேன், உன்னிடமே இருக்கட்டும், என் கைக்குக் கிடைத்தால் மறுபடி எதிலாவது மாட்டிவிடுவேன். நிறைய எழுத இருக்கிறது, நேரம் இல்லை. பிள்ளை பாயில் மண்டியிட்டுக் கூப்பிடுகிறாள். கோல்கீப்பர் பெண்ணுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, வந்தும் விட்டாள், ஆனால் குதிகாலை நான்தான் பிடிக்க வேண்டுமாம்.